இடவலம்

தேசம்மாக்காவோட மூக்கு வரமாட்டேங்கு. காலையில இருந்து அழிச்சு அழிச்சுத் தாள் அந்த எடத்துல மட்டும் பஞ்சாப் பிஞ்சு நிக்கு, இனிமே ரப்பர் பட்டா ஓட்டைதான், ஓட்டை விழுந்த மூஞ்சியக் கொண்டுபோய் வேதநாயகம் சார் முன்னால வச்சா அவர் வையமாட்டார், தாடியத் தடவிக்கிட்டு ஒரு பெருமூச்சு விடுவார், அந்தப் பெருமூச்சுக்கு நாலு வார்த்த வைஞ்சாக்கூடத் தேவல. மாடல் ஸ்டடின்னா இதான், ஒரு ஆள நடுவுல ஸ்டூல்ல ஒக்கார வச்சிட்டு நாங்க சுத்தி ஈசல், தாள் மாட்டுத ஸ்டாண்டு, அதப் போட்டுக்கிட்டு அவங்கள வரையணும். தேசம்மாக்கா நல்ல மாடல், ஆடமாட்டாங்க அசையமாட்டாங்க, ஜன்னலப் பாத்தவாக்குல கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குவாங்க. குத்தம் அவங்கமேல இல்ல. குத்தம் என் கையிலதான், இல்லன்னா சாரோட வாயில. போன வாரம் எல்லாரும் பாக்க என் தாளத் தூக்கிப் பிடிச்சுட்டுச் சொன்னார், இசக்கியம்மா, இது ட்ராயிங் இல்ல, இது இல்லஸ்ட்ரேஷன். ஏதோ சோத்துக்குள்ள கரப்பான்பூச்சியப் பாத்த மாதிரிச் சொன்னார். கேக்கேன், டாக்டருக்குப் படிக்கவன்ட்ட போய், ஏம்ப்பா நீ டாக்டர் மாதிரியே நடந்துக்கிடுதன்னு யாராவது வைவாங்களா? இங்க வைவாங்க. இந்தக் காலேஜுக்கு நான் வந்ததே கதைக்குப் படம் போடுத ஆளாகணும்னுதான், சேரும்போது இன்டர்வியூல அதத்தான் சொன்னேன், அன்னைக்கு இவரும் அந்த மேசையில ஒக்காந்து தலைய ஆட்டிட்டுத்தான் இருந்தார். இப்ப மூணாம் வருசத்துல வந்து, உன் கோட்டுல கதை வருது, கதைய எடு, கதைய எடுன்னு உசுர எடுக்கார். கதைய எடுத்துட்டா எங்கிட்ட என்ன மிஞ்சும். இந்தக் கெழவி ஏன் ஜன்னலப் பாக்கா, யார நெனச்சுக்கிட்டு இருக்கான்னு தோணாம எனக்கு ஒரு கோடு வராது, நான் என்ன செய்ய. சவத்த, மூக்குக்கு நெழல் எந்தப் பக்கம் விழுது, அத மொதல்ல பாரு.

இன்னைக்கு வெள்ளிக்கிழமை, எங்கண்ணு மூக்குமேல எப்படி நிக்கும். இன்னைக்குத்தான் வாரப் பத்திரிகை கடைக்கு வரும், அதுல நான் போட்ட படம் வரும். காலையில பஸ் ஸ்டாப்புக் கடையில போய்க் கேட்டேன், கட்டு இன்னும் வரலம்மான்னுட்டான். காலேஜுக்குள்ள வந்தா வகுப்பு வாசல்ல பெயிண்ட் வாளி. உள்ள வாரதுக்கு முன்ன எல்லாரும் செல்போன அந்த வாளியில போட்டுடணும், அது சாரோட சட்டம், இடைவேளை வரைக்கும் எடுக்கக் கூடாது. அம்மா இந்நேரம் வள்ளியூர்ல பொஸ்தகத்த வாங்கியிருப்பா. ஜவுளிக்கடையில சேலை எடுத்துப் போடுத வேல அவளுக்கு, கடை தொறக்க முன்னாலயே மொதலாளி அண்ணாச்சிட்டச் சொல்லி பஸ் ஸ்டாண்டுல இருந்து வாங்கியாரச் சொல்லியிருக்கேன்னு நேத்தே போன்ல சொன்னா. எத்தன பேர்ட்டச் சொல்லியிருக்காளோ. அவளச் சொல்லியும் குத்தமில்ல, மூணு வருசமா அவ பட்ட பாடு. மக மெட்ராஸ்ல என்ன படிக்கான்னு கேட்டா, படம் போடப் படிக்கான்னு சொல்லுவா. படம்னதும் அவங்களுக்கு சினிமா. கடையில கூட வேல பாக்குத ஸ்டெல்லா சித்தி, எப்ப ரிலீசுன்னு கேட்டாளாம். சினிமா இல்ல, கையால வரையுத படம்னு சொன்னா, ஓ, பேனர் எழுதுதாளா, இப்பதான் எல்லாம் பிரிண்டாயிட்டே, அவளுக்கு என்ன வேல கெடைக்கும்னு அடுத்த கேள்வி. கடைசியில அம்மா எங்கிட்டயே வந்து கேட்டா, ஏட்டி, நீ போடுத படத்துல ஒம் பேரு வருமா, பேரு வந்தா அதக் காட்டிருவேன், பெறகு ஒருத்தி வாயத் தொறக்கமாட்டா. வரும்மான்னேன். அந்தப் பத்திரிகையில கதை எழுதுனவர் பேரு மட்டும்தான் அச்சுல போடுவாங்க, படம் போட்ட ஆளுக்குத் தனியாப் பேரு கெடையாது, படத்துக்குள்ளயே மூலையில நம்ம போடுத கையெழுத்துதான் பேரு. அந்தக் கையெழுத்த நான் எத்தன விதமாப் போட்டுப் பாத்திருக்கேன்னு சொன்னா வெக்கக்கேடு. இசக்கின்னு நாலெழுத்து, மேல புள்ளிய ஒரு இழுப்பு இழுத்து. காலேஜ்ல எல்லாவனும் என்ன இசை இசைன்னு கூப்புடுதானுவ, ஸ்டைலாம். எனக்கு இசக்கிதான் வேணும், இசக்கிதான் அச்சுல வரணும்.

பத்திரிகை ஆபீஸ்ல சபாபதி சார்னு ஒருத்தர், படம் எல்லாம் அவர் பொறுப்புதான். ரெண்டு வருசமா அவருக்குப் படம் அனுப்பி அனுப்பி, பெறகு ஒரு நாள் நேர்லயே போய் நின்னு, பாவம்னு நெனச்சாரோ, தொல்ல விட்டாப் போதும்னு நெனச்சாரோ, ஒரு சிறுகதையக் குடுத்தார். இதப் போட்டுக் குடும்மா, சரியா வந்தா அடுத்து ஒரு தொடர்கதை ஆரம்பிக்கோம், அதையும் நீயே போடலாம்னார். தொடர்கதைன்னா வாரா வாரம், வருசம் பூரா. அப்பவே எனக்குக் கால் தரையில நிக்கல. கதை ரெண்டு ஓரகத்தியளப் பத்தினது. ஒரு கல்யாண அழைப்பிதழ்ல சின்னவ பேரப் போடாம விட்டுட்டாங்கன்னு சண்ட, வருசக்கணக்காப் பேச்சில்ல. கடைசியில சின்னவ பெரியவ வீட்டுக்கு வந்து பேசாம ஒக்காந்திருந்துட்டு எந்திரிக்கா, பெரியவளும் ஒண்ணும் பேசல, ஆனா அவ வாசல் தாண்டப் போகும்போது குங்குமச் சிமிழ எடுத்து நீட்டுதா. அம்புட்டுதான் கதை. அந்த நீட்டுத கையத்தான் நான் வரைஞ்சேன். கை மட்டும் எத்தன தடவ, விரல் மடங்குனது, சிமிழப் பிடிச்ச பிடி, மன்னிச்சுட்டேன்னு வாய்விட்டுச் சொல்லாத கை. அதுல கதை இருந்துச்சு வேதநாயகம் சார், கதைக்குத்தான் அங்க எடம், நீங்க வேணா அங்க வந்து எடுங்க பாப்போம்.

தேசம்மாக்கா இப்பதான் அசைஞ்சாங்க, முந்தான நழுவிச்சு, ஏத்தி விட்டுக்கிட்டாங்க. இடது தோள்ல. எனக்கு எதுத்தாப்புல இருக்கதால எனக்கு அது வலது பக்கம், அவங்களுக்கு இடது. எல்லாருக்கும் முந்தான இடது தோள்லதான், அதுல என்ன. அதுல என்னன்னு நெனச்சுக்கிட்டே கோடு இழுக்கேன், பாதியில கோடு நின்னுட்டு. நான் அதத் திருப்பிப் புரட்டுனேனா? படத்த, அந்தப் படத்த, அனுப்பும் முன்ன திருப்பிப் புரட்டுனேனா? கம்ப்யூட்டர்ல வரையுத எல்லாரும் செய்யுத காரியம்தான் இது. ஒரே படத்த நாள் பூராப் பாத்துட்டு இருந்தா கண்ணு பழகிப்போகும், கோணக் கண்ணு கோணலாத் தெரியாது. அதுக்காகப் படத்த இடவலமா ஒரு புரட்டுப் புரட்டிப் பாக்கணும், இடது வலதாப் போயிரும், வலது இடதா வந்துரும், ஒடனே யாரோ வேற ஆள் போட்ட படம் மாதிரி தப்பெல்லாம் பல்ல இளிக்கும். தப்பத் திருத்திட்டு மறுபடி பழையபடி புரட்டி வச்சிரணும். வச்சிரணும். போன வாரம் புதன்கிழமை சாயங்காலம் நான் புரட்டுனது நல்லா ஞாவகம் இருக்கு, பெரியவளோட கழுத்து ஒரு பக்கமா நீண்டு கெடந்தத அப்பதான் பாத்தேன், திருத்துனேன். பழையபடி வச்சேனா? வைக்கலன்னா பெரியவளுக்கு முந்தான வலது தோள்ல கெடக்கும், மூக்குத்தி எடம் மாறும், அதெல்லாம் போகட்டும் எவனும் பாக்கமாட்டான். ஆனா கை. அந்தக் கை இடது கையாயிரும். வருசக்கணக்காப் பேசாதவ படியேறி வந்திருக்கா, அவளுக்குப் போய் இடது கையால குங்குமம் குடுத்தா அது மன்னிப்பா, செருப்பால அடிச்சதுக்குச் சமம்லா. கதையே தலகீழாப் போயிரும்லா.

இல்ல, வச்சிருப்பேன். எப்பவும் வைக்கதுதான, கை தன்னாலயே அந்த விசைக்குப் போகும், அடுப்ப அமத்துத மாதிரி, யோசிக்கவே வேண்டாம். ஆனா அடுப்ப அமத்துனோமா இல்லியான்னு பாதி வழியில நிக்காதவ யாரு. நல்லா நெனச்சுப் பாரு. கழுத்தத் திருத்துனேன். ஹாஸ்டல்ல எங்கூட ரூம்ல இருக்க பெனிட்டா வந்தா, எந்நேரமும் அவளுக்கு அதே வேல, மெஸ்ஸுல இன்னைக்குச் சப்பாத்தி, தீந்துரும் வாட்டின்னா. வாரேன் வாரேன்னு சொல்லிட்டே இருந்தேன். அவ கட்டில்ல ஒக்காந்து கால ஆட்டிட்டு நாகர்கோவில்ல அவ அண்ணன் பொண்ணு பாக்கப் போன கதையச் சொல்லுதா, பொண்ணு வீட்டுல கேக்குல உப்பு போட்டுட்டாங்களாம். நான் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டேன். வலது ஓரத்துல, அடியில, இசக்கின்னு, புள்ளிய இழுத்து. கையெழுத்து நேராத்தான் இருந்துச்சு, நல்லாப் படிக்கதுக்கு இருந்துச்சு, அப்ப படமும் நேராத்தான இருந்திருக்கணும். அட கூறுகெட்டவளே, புரட்டின படத்துமேல போட்டாலும் கையெழுத்து நேராத்தான இருக்கும், அத நீ அப்பதான போடுத. கையெழுத்து சாட்சி சொல்லாது. வேற என்ன இருக்கு. பெரியவ எந்தப் பக்கம் நின்னா? இடது பக்கம் நின்னு வலது பக்கமாக் கைய நீட்டுனா, அதுதான் நான் போட்டது. அனுப்பும்போது எந்தப் பக்கம் நின்னா? இடது பக்கமாவும் தெரியுதா, வலது பக்கமாவும் தெரியுதா. ரெண்டையும் அத்தன தடவ பாத்துருக்கேன், ரெண்டும் எனக்குச் சரியாத்தான் தெரியுது, இதுதான் கொடுமை. வேற எவளா இருந்தாலும் இடது கைய ஒடனே கண்டுபிடிச்சிருப்பா, போட்ட எனக்குத்தான் தெரியாது. சப்பாத்தியும் அன்னைக்குத் தோல் மாதிரி இருந்துச்சு, அதுக்கா அம்புட்டு அவசரம்.

வாளிக்குள்ள ஒரு போன் உறுமுது. தகரத்துல பட்டு உர்ர்ருன்னு வகுப்பு பூராக் கேக்கு, ரெண்டு பேரு சிரிக்கானுவ, சார் திரும்பிப் பாக்கார், நிக்கு, மறுபடி உறுமுது. அது என்னோடதுதான். இருபது போன் கெடக்கு அதுல, ஆனா என்னோடதுதான். சபாபதி சாராத்தான் இருக்கும். ஏம்மா, நீ எந்த ஊரும்மா, உங்க ஊர்ல இடது கையாலதான் குங்குமம் குடுப்பாங்களான்னு கேக்கப் போறார். அவராவது தனியாக் கேப்பார், எழுதுனவர் பத்திரிகைக்கே கடுதாசி போடுவார், என் கதையக் கொன்னுட்டாங்கன்னு. தொடர்கதை போச்சு. அது போனாக்கூடப் பரவால்ல, இல்ல, பரவால்லன்னு யார்ட்டப் பொய் சொல்லுதேன், அது போனா எனக்கு எல்லாம் போச்சு, அடுத்து ஒரு பத்திரிகைக்காரன் கதவத் தொறக்க இன்னும் எத்தன வருசம். அங்க வள்ளியூர்ல ஜவுளிக்கடைப் பொம்பளைங்க எல்லாரும் குனிஞ்சு பாத்துட்டு இருப்பாங்க, சேலையிலயே பொழுதக் கழிக்கவங்க, முந்தான எந்தத் தோள்னு பாக்காம விடுவாங்களா. எழுந்து போய் எடுத்துருவமா. எடுத்தா சார் வெளிய போங்கம்பார், ஏற்கெனவே வருகை கொறைவுன்னு என் பேரு நோட்டீஸ் போர்டுல தொங்குது, அந்த ஒரு எடத்துலதான் என் பேரு அச்சுல வந்திருக்கு. இரு, ஒக்காரு. மூக்கப் போடு. நெழல் இந்தப் பக்கம், கீழ ஒரு அழுத்து, மேல விடு, கன்னம், தாடை, எனக்கு இந்தத் தேசம்மாக்கா யார நெனச்சா என்ன, நெனைக்காட்டி என்ன, சும்மா கோடு, கோட்டுக்கு மேல கோடு, கை பாட்டுக்குப் போகுது, மனசு அந்த வாளிக்குள்ள கெடக்கு.

சார் எப்ப வந்து பின்னால நின்னாருன்னு தெரியல. பெருமூச்சு வரும்னு கழுத்தச் சுருக்கிக்கிட்டேன். வரல. ரொம்ப நேரம் நின்னார். பெறகு மெதுவாச் சொன்னார், "இன்னைக்குத்தான் நீ பாத்திருக்கே. கதை எதுவும் இல்ல, பாரு, உருவம் மட்டும் நிக்குது. இத அழிச்சிடாதே." எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல. மூணு வருசமா உசுரக் குடுத்துப் பாத்தப்பல்லாம் பாக்கலன்னு சொன்ன மனுசன், நான் ஒரு துளியும் பாக்காம, பயத்துல கிறுக்குனத நீ பாத்திருக்கேங்கார். பக்கத்து ஈசல்காரி எட்டிப் பாத்துட்டு மொகத்தச் சுளிக்கா, பொறாமையாம். இந்தா, வச்சுக்க, எடுத்துட்டுப் போ. இந்தக் காலேஜ்ல நல்ல பேரு வாங்கணும்னா தெனமும் எவனாவது எனக்கு ஒரு பயத்தக் காட்டணும் போலுக்கு. நன்றி சார்னு சொன்னேன். அவர் அடுத்த ஈசலுக்குப் போயிட்டார். அங்க பெருமூச்சு கேட்டுச்சு.

செருப்பு. தேசம்மாக்காவோட செருப்பு ஸ்டூலுக்குக் கீழ ஒண்ணு நேராவும் ஒண்ணு கவுந்தும் கெடக்கு, அதப் பாத்ததும் மண்டையில அடிச்ச மாதிரி வந்துச்சு. என் படத்துலயும் செருப்பு போட்டிருந்தேன். சின்னவ கழட்டி விட்ட செருப்பு, அவ வந்தது தயங்கித் தயங்கித்தான்னு காட்டதுக்காக ஒண்ணு படியிலயும் ஒண்ணு கீழயுமா. சின்னவ நிக்கது வலது பக்கம், செருப்பும் வலது பக்கம், படத்தோட அடி ஓரம் பூரா அதுதான் அடச்சுக்கிட்டு இருக்கும். அப்ப நான் வலது ஓரத்துல எங்க கையெழுத்துப் போட்டேன்? செருப்புமேலயா போட்டேன்? இல்லியே, வெறுந்தரையில போட்டேன், சிமிண்டுத் தரைக்குச் சாம்பல் கலர் அடிச்சு வச்சிருந்தேன், எம் பேருக்குன்னே எடம் விட்ட மாதிரி இருக்கேன்னு அப்ப நெனச்சது இப்பவும் ஞாவகம் இருக்கு, பெனிட்டா கேக்குல உப்புன்னு சொல்லும்போது நெனச்சது. வலது ஓரத்துல வெறுந்தரை இருந்துச்சுன்னா செருப்பு இடது பக்கம் போயிருக்கு. செருப்பு இடது பக்கம் போயிருக்குன்னா படம் புரண்டுதான் கெடந்திருக்கு. அவ்வளவுதான். இனி யோசிக்க ஒண்ணுமில்ல. இடது கைதான். நான் இடது கையத்தான் அனுப்பிருக்கேன். எம் பேருக்கு எடம் விட்டுருக்காம்லா, மூதி, பேரு பேருன்னு அலைஞ்ச கோட்டிக்காரி, படத்த ஒரு தடவ முழுசாப் பாத்தியா, பேரு அழகா உக்காந்திருக்கான்னுதான பாத்த. அழுகை வருது, அழக்கூடாது, கரி பட்ட கையால கண்ணத் தொடச்சா மூஞ்சி பூரா ஆயிரும்.

மணி அடிச்சதும் தேசம்மாக்கா எந்திரிச்சு இடுப்பப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு ஈசலாப் பாத்துட்டு வாராங்க, அது அவங்க வழக்கம், எங்கிட்ட வந்து இன்னா கண்ணு நான் இவ்ளோ சோகமாவா இருக்கேன்னு கேட்டாங்க. சோகம் உங்களுது இல்லக்கான்னு சொல்லிட்டு வாளிக்கு ஓடுனேன். ஆறு தவறின அழைப்பு. நாலு அம்மா, ரெண்டு சபாபதி சார். அம்மாகிட்டப் பேச தைரியம் இல்ல. மரத்தடிக்குப் போய் சபாபதி சாருக்கு அடிச்சேன், நல்ல வெயிலு, வேர்வையில போன் காதுல வழுக்குது. அவர் குரல்ல கோவம் இல்ல, ஏதோ சாப்பிட்டுக்கிட்டே பேசுத மாதிரி இருந்துச்சு. ஏம்மா, அச்சுக்குப் போகுத ராத்திரி லே-அவுட்ல, பக்கத்த அடுக்கும்போது பாத்தா அந்தம்மா இடது கையால குங்குமம் குடுக்குது, நல்லவேளை நம்ம பையன் கவனிச்சான், உங்கிட்டக் கேக்க நேரமில்ல, ஒடனே அவனே படத்தப் புரட்டி விட்டுட்டான், இப்ப எல்லாம் சரியா வந்திருக்கு, இனிமே அனுப்பும் முன்ன ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாரும்மான்னார். அப்புறம் எழுதுனவருக்குப் படம் ரொம்பப் பிடிச்சுப் போச்சாம், அந்தக் கைய மட்டும் பாத்துட்டே இருந்தேன்னு சொன்னாராம். செவ்வாக்கிழமை ஆபீசுக்கு வா, தொடர்கதையோட மொத ரெண்டு அத்தியாயம் தாரேன்னார். நான் சரி சார், சரி சார்னு சொன்னேன். வச்ச பெறகு மரத்து மூட்டுலயே ஒக்காந்துட்டேன். யாரோ முகந்தெரியாத லே-அவுட் பையனுக்கு நூறு வருசம் ஆயுசு. சப்பாத்தியக்கூட மன்னிச்சுட்டேன். சிரிப்பு தானா வருது, காலையில இருந்து மண்டையப் பிச்சுக்கிட்டது என்ன, இப்ப ஒக்காந்து பல்லக் காட்டுதது என்ன.

அந்தச் சிரிப்போடதான் அம்மாவுக்கு அடிச்சேன். மொத மணியிலயே எடுத்துட்டா. பின்னால கடைச் சத்தம், யாரோ நீலத்துல வேற காட்டுங்கன்னு கேக்கா. என்னம்மா, பாத்தியா, எப்படி இருக்குன்னேன். நல்லாருக்குட்டின்னா, ஆனா குரல் தாழ்ந்து கெடக்கு, வாயக் கையால பொத்திக்கிட்டுப் பேசுதான்னு தெரியுது. ஸ்டெல்லா சித்தி பாத்தாளாம், அண்ணாச்சி பாத்தாராம், ரெண்டு பொம்பளையும் உசுரோட நிக்காங்கன்னு சொன்னாராம். பெறகு பைய ஒரு கேள்வி கேட்டா.

"ஏட்டி, ஒம் பேரு எங்கட்டி? இதுல யாரோ வடக்கத்தி ஆளு பேருல்லா கெடக்கு."

எங்கம்மா கெடக்குன்னு கேட்டேன். இடது ஓரத்துல, பெரியவ காலுக்குப் பக்கத்துல, கொக்கி கொக்கியா, எந்தப் பாஷைன்னு தெரியல, ஸ்டெல்லா இது இந்தின்னு சொல்லுதா, அண்ணாச்சி இந்தி இல்ல வேற என்னமோங்கார், நீ போட்டத வேற ஆளு பேர்ல போட்டுட்டாங்களாட்டி, இல்ல நீ போடலியா, உள்ளதச் சொல்லு, நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்லா. எனக்கு ஒரு நொடி புரியல. அப்புறம் புரிஞ்சுது. படத்தப் புரட்டுனா அதுல கெடக்க பேரும் சேந்துல்லா புரளும். புரண்டு கெடந்த கைய அவங்க மீட்டுட்டாங்க, நேரா இருந்த எம் பேரக் கவுத்திட்டாங்க, அத எவனும் பாக்கல, எழுத்துன்னே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, ஏதோ புல்லுன்னு நெனச்சிருப்பாங்க. இன்னும் ஒரு வாரத்துக்கு தமிழ்நாடு பூராக் கடையில தொங்கும், இசக்கின்னு ஒருத்தி இருக்கதே யாருக்கும் தெரியாம. சபாபதி சாரக் கூப்பிட்டுச் சொல்லுவமா, சொன்னா என்ன செய்வார், அச்சாகி வந்தாச்சே, கைய இடதாப் போட்டு அனுப்புனவ பேரு கேக்காளாம்னு சிரிப்பார். அங்க கடையில நீலத்துல வேற கேட்டவ இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கா.

சேலைய மேல போட்டுப் பாக்கதுக்கு உங்க கடையில ஒரு பெரிய கண்ணாடி இருக்குல்லம்மான்னு கேட்டேன். இருக்கு, அதுக்கென்னன்னா. பொஸ்தகத்த எடுத்துட்டு அதுக்கு முன்னால போய் நில்லு, படத்த கண்ணாடியப் பாக்க விரிச்சுப் பிடின்னேன். என்ன எழவுட்டி இதுன்னு முணங்கிக்கிட்டே நடக்கா, செருப்புச் சத்தம் கேக்கு, யாரையோ தள்ளிக்கோங்கம்மான்னு சொல்லுதா. தாள விரிக்குத சத்தம். இ, ன்னா. நிறுத்துனா. ச. க்கி. எழுத்துக் கூட்டிப் படிக்கா, அவ பெத்து அவ வச்ச பேர. ஏட்டி இசக்கி, இருக்குட்டின்னா, குரல் ஒடஞ்சு போச்சு, ஸ்டெல்லா இங்க வான்னு கடை பூராக் கேக்கக் கூப்பிட்டா, வந்து பாரு, எம் மக பேரு. எனக்குக் கண்ணு நெறஞ்சுது, கரிக்கையின்னுகூடப் பாக்காம தொடச்சுக்கிட்டேன். அங்க ரெண்டு பேரும் கண்ணாடிக்குள்ள தல முட்ட நின்னு பாத்துட்டு இருக்கது எனக்குத் தெரியுது. ஸ்டெல்லா சித்தி என்னமோ சொல்லுதா, அம்மா அவள அதட்டுதா, பெறகு போன வாய்க்குப் பக்கத்துல வச்சு ரகசியம் மாதிரி கேட்டா.

"ஏட்டி, இதுக்குள்ள பாத்தா அவ இடது கையாலல்லா குங்குமம் குடுக்கா?"

உள்ள மணி அடிச்சுட்டாங்க. வாளிப் பக்கம் எல்லாரும் வரிசையாப் போனப் போட்டுட்டு உள்ள போறாங்க.

"ஆமாம்மா," ன்னேன். "அதாம்மா நான் வரைஞ்சு அனுப்புன படம்."